பெயரிலேயே இருந்த எச்சரிக்கை

பாலாடைக்கட்டி உண்டதால் மனிதன் இறக்க முடியுமா? 1963-ஆம் ஆண்டுக்கு முன் இக்கேள்வியை ஒரு மருத்துவரிடம் கேட்டிருந்தால் அவர் சிரித்திருப்பார். நமக்குத் தயிர் எப்படியோ, ஐரோப்பியர்களுக்குப் பாலாடைக்கட்டி அப்படி. தலைமுறை தலைமுறையாக அவர்கள் உண்டு வரும் அன்றாட உணவு அது. ஆயினும் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பிரிட்டனில் உளச்சோர்வுக்கு மருந்து உட்கொண்டு வந்தவர்களுள் சிலர் திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலிக்கு ஆளாயினர். அவர்களுடைய இதயம் படபடத்தது. இரத்த அழுத்தம் கிடுகிடுவென ஏறியது. பலருக்குச் சில மணி நேரத்தில் அது தானே தணிந்தது. சிலருக்கோ மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டது. உயிரிழந்தவர்களும் உண்டு.

இப்புதிரின் விடை, டைரமின் என்னும் ஒரு சிறிய மூலக்கூறு. இதில் வியப்பு யாதெனில், விடைக்கு வேண்டிய செய்திகள் அனைத்தும் முன்னரே கண்டறியப்பட்டு, அச்சேறி, நூலகங்களில் இருந்தன என்பதே. ஒன்று 1909-1910-இலும், மற்றொன்று 1928-இலும், மூன்றாவது 1952-இலும் வெளிவந்தவை. அம்மூன்றையும் சேர்த்துப் படித்தவர் இல்லை. அவை எப்படித் தனித்தனியே பிறந்தன, எப்படி ஒன்று சேர்ந்தன என்பதைப் பார்ப்போம்.

அழுகிய இறைச்சியில் கிடைத்த பொருள்

1846-ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலறிஞர் லீபிக், பாலாடைக்கட்டியின் புரதத்தைச் சிதைத்து வெண்ணிறப் படிகம் ஒன்றைப் பெற்றார். கிரேக்க மொழியில் பாலாடைக்கட்டிக்கு 'டைரோஸ்' என்று பெயர். எனவே அப்படிகம் 'டைரோசின்' எனப்பட்டது. இது நம் உடலின் புரதங்களிலும் உள்ள ஓர் அமினோ அமிலம். டைரோசின் மூலக்கூறிலிருந்து ஒரு கார்பன் டைஆக்சைடு மூலக்கூறு நீங்கினால் எஞ்சுவது டைரமின். புரதம் நிறைந்த உணவு நாட்பட்டால் அதில் வளரும் பாக்டீரியாக்களுள் பல இவ்வேலையை எளிதாகச் செய்து முடிக்கின்றன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழுகிய இறைச்சியின் சாற்றை விலங்குகளின் இரத்தத்தில் செலுத்திய ஆய்வாளர்கள், இரத்த அழுத்தம் உயர்வதைக் கண்டனர். அதற்குக் காரணமான பொருள் எது? 1909-இல் லண்டனில் வெல்கம் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பார்ஜரும் வால்போலும் அதைப் பிரித்தெடுத்தனர். அவர்கள் கண்ட அமீன்களுள் வலிமை மிக்கது டைரமின். கம்பு போன்ற ரை என்னும் தானியத்தின் கதிரில் தொற்றும் எர்காட் என்ற காளானின் சாற்றிலும் இதே பொருள் இருப்பதைப் பார்ஜர் கண்டார்.

அமீன் என்பது அம்மோனியாவின் வழிவந்த சேர்மங்களுக்குரிய பொதுப் பெயர். அம்மோனியாவின் ஹைட்ரஜன் அணு ஒன்றை அகற்றி, அவ்விடத்தில் ஒரு கார்பன் தொடரைப் பொருத்தினால் அமீன் கிடைக்கும். அட்ரீனலினும் ஓர் அமீனே. 1910-இல் பார்ஜரும் அவருடைய உடனாய்வாளர் ஹென்றி டேலும் அட்ரீனலினை ஒத்த பல அமீன்களை வரிசையாகச் சோதித்து, எந்த அமைப்புடையது எவ்வளவு தூரம் இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது என்று விரிவான கட்டுரை வெளியிட்டனர். டைரமின் அவ்வரிசையில் இடம் பெற்றது. அஞ்சும்போதும் ஓடும்போதும் நம் உடலை முடுக்கிவிடும் பரிவு நரம்புகளைத் தூண்டினால் என்ன நிகழுமோ, அதையே டைரமினும் செய்தது. நரம்புச் செய்திகள் வேதிப்பொருள்கள் வழியே கடத்தப்படுவது பற்றிய ஆய்வுகளுக்காக டேல் 1936-இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆக, முதல் செய்தி இதுதான்: டைரமின் இரத்தத்தில் கலந்தால் இரத்த அழுத்தம் ஏறும்.

கல்லீரலில் ஒரு காவலன்

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். புளித்ததும் நாட்பட்டதுமான உணவில் டைரமின் இருக்கிறது. நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களும் டைரோசினிலிருந்து அதை உண்டாக்குகின்றன. அவ்வாறாயின் உணவு உண்ட ஒவ்வொருவருக்கும் இரத்த அழுத்தம் ஏன் உயர்வதில்லை?

விடை 1928-இல் கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. அங்கு ஆய்வு மாணவியாக இருந்த மேரி ஹேர், முயலின் கல்லீரலில் ஒரு புதிய நொதியைக் கண்டார். ஆக்சிஜனைக் கொண்டு டைரமினைச் சிதைப்பது அதன் வேலை. எனவே அதற்கு 'டைரமின் ஆக்சிடேஸ்' என்று பெயரிட்டார். குடலிலிருந்து மிகுதியாக உறிஞ்சப்படும் டைரமினை விரைந்து அழித்து உடலைக் காப்பதே இந்நொதியின் பணியாக இருக்கலாம் என்ற கருத்தையும் அவர் அப்போதே முன்வைத்தார்.

1937-இல் பிளாஷ்கோ, ரிக்டர், ஷ்லாஸ்மன் ஆகிய மூவர் அட்ரீனலினைச் சிதைப்பதும் இதே நொதிதான் என்று காட்டினர். அடுத்த ஆண்டில் ஏர்ன்ஸ்ட் செல்லர் இதற்கு 'மோனோ அமீன் ஆக்சிடேஸ்' என்று பெயரிட்டார். நீளமான இப்பெயரைச் சுருக்கி 'மாவோ' என்பர். குடற்சுவர், கல்லீரல், நரம்பு முனை, மூளை என உடலின் பல இடங்களிலும் இது இருக்கிறது.

இரண்டாவது செய்தி: உணவில் வரும் டைரமினை இரத்தத்தில் சேரவிடாமல் தடுப்பது இந்த நொதி.

காச நோய் மருந்தின் மறுபக்கம்

மூன்றாவது செய்தி சற்றும் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1952-இல் அமெரிக்காவில், நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவிலுள்ள சீ வியூ மருத்துவமனையில் காச நோயாளிகளுக்கு இரண்டு புதிய மருந்துகள் கொடுத்துப் பார்க்கப்பட்டன. ஒன்று ஐசோநியாசிட், மற்றொன்று ஐப்ரோநியாசிட். ராக்கெட் எரிபொருளாகவும் பயன்படும் ஹைட்ரசீன் என்ற வேதிப்பொருளின் வழிவந்தவை இரண்டும்.

ஐசோநியாசிட் உலகெங்கும் பரவியது. சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கப்பட்ட காச நோய் ஆய்வு மையம், இம்மருந்தை மற்றொரு மருந்துடன் சேர்த்து வீட்டிலிருந்தபடியே உட்கொண்டாலும் நோய் குணமாகும் என்று 1959-இல் மெய்ப்பித்தது. காச நோயாளிகளை மாதக்கணக்கில் சானடோரியத்தில் வைத்திருந்த பழைய முறைக்கு அது முடிவு கட்டியது. இன்றும் இது முதல் வரிசை மருந்துகளுள் ஒன்று.

ஐப்ரோநியாசிட்டின் கதை வேறு. அதை உட்கொண்ட நோயாளிகள், நோய் முற்றிய நிலையிலும் அளவு மீறிய உற்சாகம் காட்டினர். நன்றாக உண்டனர், மருத்துவமனைக் கூடத்தில் ஆடினர். காரணம் அதே 1952-இல் தெரிந்தது. 'மாவோ' நொதிக்குப் பெயர் வைத்த அதே செல்லர், சிகாகோவில் தம் குழுவினருடன் ஆராய்ந்து, ஐப்ரோநியாசிட் அந்நொதியை முடக்குகிறது என்று கண்டார். மூளையில் செரட்டோனின், நாரட்ரீனலின் போன்ற அமீன்கள் சிதையாமல் தங்குவதால் மனம் ஊக்கம் பெறுகிறது என்ற கருத்து பின்னர் உருவாயிற்று.

1957-இல் நியூயார்க்கைச் சேர்ந்த உளநோய் மருத்துவர் நேதன் கிளைன் இம்மருந்தை உளச்சோர்வுக்கு அளித்து நற்பயன் கண்டதாக அறிவித்தார். ஓராண்டுக்குள் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் இதை உட்கொண்டதாகக் கூறுவர். இது கல்லீரலைக் கெடுப்பது தெரிந்ததும் 1961-இல் அமெரிக்காவில் கைவிடப்பட்டது. அதற்குள் பினெல்சீன், டிரானில்சைப்ரமின் முதலிய வேறு 'மாவோ' தடுப்பு மருந்துகள் கடைக்கு வந்துவிட்டன.

மூன்றாவது செய்தி: இம்மருந்துகள் டைரமினை அழிக்கும் நொதியைச் செயலற்றதாக்குகின்றன.

மூன்றையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால் நான்காவது வரி தானே வந்து விழுகிறது. மருந்து உண்பவர் டைரமின் மிகுந்த உணவை உண்டால் ஆபத்து. அது எந்த உணவு? அப்பொருளின் பெயரிலேயே பாலாடைக்கட்டி இருந்தது! ஆயினும் எவரும் அவ்வரியை எழுதவில்லை. முதல் செய்தியை உடலியலார் அறிவர். இரண்டாவதை உயிர்வேதியியலார் அறிவர். மூன்றாவதை அறிந்த உளநோய் மருத்துவர்களின் கண் மூளையின் மீதே இருந்தது. மாத்திரைக்கோ மூளையும் கல்லீரலும் ஒன்றுதான். விழுங்கியவுடன் அது முதலில் சந்திப்பது குடலையும் கல்லீரலையும்.

ஒரு கடிதம்

லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் பேரி பிளாக்வெல் என்ற இளம் மருத்துவர் பணியாற்றி வந்தார். டிரானில்சைப்ரமின் உண்பவர்களுக்கு வரும் கடுந்தலைவலியைப் பற்றி அவர் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். அதைப் படித்த நாட்டிங்ஹாம் நகர மருந்தாளர் ஒருவர் அவருக்குக் கடிதம் எழுதினார். அம்மருந்தாளரின் மனைவியும் அம்மருந்தை உட்கொண்டு வந்தவர். பாலாடைக்கட்டி உண்ட பிறகு இரு முறை அவருக்கு இவ்வாறு நேர்ந்தது; வெண்ணெயாலும் பாலாலும் ஒன்றும் நேரவில்லை. பாலாடைக்கட்டியில் உள்ள ஏதேனும் ஒரு பொருள் காரணமாக இருக்குமோ என்று அவர் கேட்டிருந்தார்.

முதலில் இது வேடிக்கையாகவே தோன்றியது. பிளாக்வெல்லும் நண்பர் ஒருவரும் அம்மருந்தைச் சில நாட்கள் உட்கொண்டு, பாலாடைக்கட்டியையும் உண்டு பார்த்தனர். ஒன்றும் நேரவில்லை. வேறொருவராயின் அத்துடன் விட்டிருப்பார். பிளாக்வெல் விடவில்லை. தலைவலிக்கு ஆளான நோயாளிகள் அதற்குச் சற்று முன் என்ன உண்டனர் என்று விசாரிக்கத் தொடங்கினார். மீண்டும் மீண்டும் ஒரே விடை வந்தது: பாலாடைக்கட்டி. பின்னர், இசைவு தந்த நோயாளிக்குக் கண்காணிப்பில் பாலாடைக்கட்டி கொடுத்து, இரத்த அழுத்தம் உயர்வதை அளந்தும் காட்டினார்.

1963-இல் 'லான்செட்' இதழில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. அதே ஆண்டு அதே இதழில் அசட்டூர், லெவி, மில்ன் ஆகியோர் இதற்குக் காரணமான பொருள் டைரமின் என்று காட்டினர். 1964 பிப்ரவரியில் டிரானில்சைப்ரமின் அமெரிக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. உணவு பற்றிய எச்சரிக்கையுடன் அவ்வாண்டிலேயே மீண்டும் விற்பனைக்கு வந்தது.

பூட்டைத் திறந்துவிடும் பொருள்

டைரமின் எப்படி இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது? இதற்கான விடையும் 1958-லேயே ஆக்ஸ்போர்டில் கிடைத்திருந்தது. நம் நாட்டுச் சர்ப்பகந்திச் செடியின் வேரிலிருந்து எடுக்கப்படும் ரெசர்ப்பின், பரிவு நரம்பு முனைகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் நாரட்ரீனலினைக் காலி செய்துவிடும். ரெசர்ப்பின் கொடுத்த விலங்குகளுக்குப் பர்ன், ரேண்ட் ஆகிய இருவரும் டைரமினைச் செலுத்தினர். இரத்த அழுத்தம் ஏறவில்லை. ஆக, டைரமின் இரத்தக் குழாயைத் தானே இறுக்குவதில்லை. நரம்பு முனைக்குள் புகுந்து, அங்குள்ள சேமிப்பை வெளியே தள்ளுகிறது. வெளிவந்த நாரட்ரீனலின்தான் இரத்தக் குழாய்களை இறுக்குகிறது. களஞ்சியம் காலியாயிருந்தால் பூட்டைத் திறந்து என்ன பயன்?

'மாவோ' தடுப்பு மருந்து உண்பவரிடம் இரண்டு கேடுகள் சேர்கின்றன. குடலிலும் கல்லீரலிலும் காவல் இல்லாததால் டைரமின் அப்படியே இரத்தத்துக்கு வருகிறது. நரம்பு முனையிலும் நொதி முடங்கியதால் களஞ்சியம் நிரம்பி வழிகிறது. மருந்து உண்ணாதவரின் இரத்த அழுத்தத்தை உணவின் வழியே உயர்த்த நூற்றுக்கணக்கான மில்லிகிராம் டைரமின் வேண்டும். இப்பழைய மருந்துகளை உண்பவருக்கு 10 முதல் 25 மில்லிகிராமே போதும். நன்கு முதிர்ந்த செடார் வகைப் பாலாடைக்கட்டிகள் சிலவற்றில் ஒரு கிராமுக்கு ஒரு மில்லிகிராமுக்கும் மேல் டைரமின் இருந்ததை 1964-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்தனர். அப்படிப்பட்ட கட்டியில் 20 கிராம் என்பது ஒரு ரொட்டித் துண்டுக்குள் வைக்கும் அளவுதான்!

எல்லாப் பாலாடைக்கட்டியும் ஒன்றல்ல. டைரமினின் அளவு கட்டிக்குக் கட்டி வெகுவாக மாறும். ஆகவேதான் ஒருவருக்கு ஒரு நாள் ஒன்றும் நேராமல், மற்றொரு நாள் பெருந்தீங்கு நேர்ந்தது. அன்று கறந்த பாலில் செய்த பன்னீரில் பாக்டீரியாவுக்கு வேலை செய்ய நேரமே இல்லை. எனவே டைரமினும் மிகக் குறைவு. ஆபத்து, நாள் பல கடந்து முதிர்ந்த புரத உணவில்தான். முதிர்ந்த பாலாடைக்கட்டி, புளிக்கவைத்துப் பதப்படுத்திய இறைச்சி, சோயா சாறு முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை.

குறைந்த அளவு, பெரிய வேலை

இதுவரை டைரமினை வெளியிலிருந்து வரும் பகைவனாகவே பார்த்தோம். அது நம் உடலிலும் உண்டாகிறது. மூளையிலும் இருக்கிறது. ஆனால் அங்கு அதன் அளவு, டோபமின் போன்ற பெயர் பெற்ற அமீன்களில் நூற்றில் ஒரு பங்கு கூட இராது. 1970-களில் கனடாவின் சஸ்கட்டூன் நகரில் ஆலன் போல்ட்டனும் அவருடைய குழுவினரும் நிறை நிறமாலைமானியைக் கொண்டு இச்சிறு அளவுகளை அளந்தனர். டைரமின், பினைல் எத்தில் அமீன் முதலியவற்றுக்குச் 'சுவடு அமீன்கள்' என்ற பெயர் நிலைத்தது.

அளவு குறைவு என்பதால் வேலையும் குறைவு என்று கொள்ளலாமா? இயற்பியல் மாணவர் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். ஒரு தொட்டியில் விரற்கடை உயரமே நீர் நிற்கிறது. குழாயில் சொட்டுச் சொட்டாக நீர் வருவது காரணமாக இருக்கலாம். அல்லது குழாயில் நீர் கொட்டியும், அடியிலுள்ள துளை பெரிதாக இருப்பது காரணமாக இருக்கலாம். நீர்மட்டத்தை மட்டும் பார்த்து எது உண்மை என்று கூற இயலாது. மூளையில் சுவடு அமீன்களின் நிலை இரண்டாவது வகை. கதிரியக்கப் பாடத்தில் படிக்கும் அரை ஆயுட்காலத்தை இங்கும் கணக்கிடலாம். எலியின் மூளையில் இவற்றின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ அரை நிமிடமே. விரைவாக உண்டாகின்றன, அதே விரைவில் அழிகின்றன. அழிப்பது யார்? மேரி ஹேர் கண்ட அதே நொதி. அந்தத் துளையை அடைத்தால் மட்டம் எவ்வளவு ஏறும் என்பதற்கு முன் கண்ட தலைவலிகளே சான்று.

பூச்சிகளிடத்தில் டைரமின் மறைந்து நிற்பதில்லை. அங்கு அது நரம்புச் செய்தி ஏந்தியாகவே பணி புரிகிறது. அதிலிருந்து ஒரே வேதிவினையில் உண்டாகும் ஆக்டோபமின், நமக்கு நாரட்ரீனலின் செய்யும் வேலைகளைப் பூச்சிக்குச் செய்கிறது. மின்மினி ஒளிவிட வேண்டும் என்ற ஆணையை அதன் ஒளியுறுப்புக்குக் கொண்டு செல்வது ஆக்டோபமின்தான். ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஓர் உருளைப்புழு, தலையில் தொட்டவுடன் பின்வாங்கும். பின்வாங்கும்போது தலையாட்டத்தை நிறுத்திக்கொள்ளும். அந்த நிறுத்தத்துக்கான செய்தி டைரமின் என்று 2005-இல் ஆல்கெமாவும் உடனாய்வாளர்களும் காட்டினர். மண்ணில் வளையக் கண்ணி வைத்துப் புழு பிடிக்கும் பூஞ்சைகள் உண்டு. டைரமின் உண்டாக்க இயலாத புழுக்கள் அக்கண்ணியில் எளிதாகச் சிக்குகின்றன என்பது 2011-இல் தெரிந்தது.

நம்மிடத்தும் இதற்கென்று ஓர் ஏற்பி உண்டு. 2001-இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியே, டைரமினாலும் பினைல் எத்தில் அமீனாலும் தூண்டப்படும் ஏற்பியைக் கண்டறிந்தன. இன்று அது 'டார்-1' எனப்படுகிறது. 2006-இல் லிபர்லெஸ், லிண்டா பக் ஆகிய இருவரும் இக்குடும்பத்தைச் சேர்ந்த பிற ஏற்பிகள் எலியின் மூக்கில் மணமறியும் பணியில் இருப்பதைக் கண்டனர். ஊனுண்ணி விலங்குகளின் சிறுநீரில் மிகுதியாக உள்ள பினைல் எத்தில் அமீனை எலி மோப்பம் பிடித்து விலகுவது இத்தகைய ஏற்பியால்தான். 'டார்-1' ஏற்பியைத் தூண்டி மனச்சிதைவு நோயைக் குணப்படுத்தலாம் என்ற நம்பிக்கையில் உலோட்டரான்ட் என்ற மருந்து உருவாக்கப்பட்டது. 2023-இல் அதன் பெரிய சோதனைகளில் மருந்தற்ற போலி மாத்திரையை அது விஞ்சவில்லை. மனித மூளையில் சுவடு அமீன்களின் முழுப் பங்கும் இனித்தான் தெளிவாக வேண்டும்.

மீண்டும் காச நோய்

இக்கதை பழங்கதையாகிவிடவில்லை. லைனசோலிட் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து 2000-ஆம் ஆண்டில் வந்தது. பல மருந்துகளுக்கும் அடங்காத காச நோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை முறை ஒன்றை உலக நலவாழ்வு அமைப்பு 2022-இல் பரிந்துரைத்தது. அதில் லைனசோலிட்டும் சேர்ந்துள்ளது. இம்மருந்துக்கு 'மாவோ' நொதியைச் சிறிதளவு தடுக்கும் தன்மையும் உண்டு. எனவே டைரமின் மிகுந்த உணவை ஒரே வேளையில் ஏராளமாக உண்ண வேண்டாம் என்ற எச்சரிக்கை அதனுடன் வருகிறது. 1952-இல் காச நோய் மருத்துவமனையில் தொடங்கிய கதை, எழுபது ஆண்டுகளுக்குப் பின் காச நோயாளியிடமே வந்து நிற்கிறது. வேறுபாடு ஒன்றுதான். இம்முறை எச்சரிக்கை மருந்துக்கு முன்பே அச்சாகியிருக்கிறது.

அந்த எச்சரிக்கைக்கு வித்திட்டது பெரிய கருவியோ பெரிய கூடமோ அன்று. மனைவிக்கு எப்போது தலை வலிக்கிறது, அதற்கு முன் என்ன உண்டார் என்று கவனித்த ஒரு மருந்தாளரின் கடிதம். அதை ஒதுக்கித் தள்ளாமல், முதல் சோதனை பொய்த்த பின்னும் தொடர்ந்து கேட்ட ஒரு மருத்துவரின் பொறுமை. வேதியியல், உயிரியல், மருத்துவம் என்று நாம் பாடங்களைப் பிரித்து வைத்திருப்பது படிப்பதற்கு வசதியாக. உடலுக்குள் அந்தப் பிரிவுகள் இல்லை. எந்தத் துறையைப் படிக்கும் மாணவரும் நூலகத்தில் பக்கத்து அலமாரியையும் அவ்வப்போது திறந்து பார்ப்பது நல்லது. பார்ஜரும் ஹேரும் செல்லரும் எழுதியவை இருந்தது அங்கேதான்.